தீராத வயிற்றுக் கோளாறுக்கு ஆயுர்வேதம்: எனக்கு எது கேட்டது, எப்படிக் கேட்டது

வயிற்று உப்புசம், அரைகுறையாகப் போகும் மலம், சாப்பிட்ட கையோடு ஓட வேண்டிய அவசரம் என்று வருஷக் கணக்கில் அவதிப்படுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “மருந்து பேரை மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி.” பேரைச் சொல்கிறேன். ஆனால் வெறும் பேரைச் சொல்லி அனுப்பினால் அது உங்களுக்கு நல்லது இல்லை. அதனால்தான் முழுசாக எழுதுகிறேன்.

எனக்குத் திருநெல்வேலி டவுனில் ஜவுளிக் கடையில் கணக்கு வேலை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று கூட்டம் வந்துவிட்டால் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு மேல்தான். ராத்திரி கடை அடைத்த பிறகு பரோட்டா, சால்னா. வயிறு ஒரு வாரம் இளகிப் போகும், அடுத்த வாரம் கட்டிக்கொள்ளும். காலையில் எத்தனை தடவை போனாலும் முழுசாகப் போன திருப்தி இருக்காது. சாயங்காலம் ஆனால் இடுப்பு வேட்டியைத் தளர்த்திக் கட்டினால்தான் உட்கார்ந்து கணக்குப் பார்க்க முடியும்.

ரத்தம், மலம், ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் பார்த்தாயிற்று. புண்ணோ கட்டியோ எதுவும் இல்லை, குடல் வேலை செய்கிற விதத்தில்தான் கோளாறு, இதற்கு ஐ.பி.எஸ். (IBS) என்று பேர் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பரிசோதனைகளை நான் இன்றைக்கும் பெரிசாக மதிக்கிறேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வழிக்கே நான் போனேன். ஆங்கில மருந்தில் வலி குறைந்தது. உப்புசம் மட்டும் போகவில்லை.

நான் பார்த்த வைத்தியர் பாளையங்கோட்டையில் இருக்கிறார். நாகர்கோவில் கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரியில் படித்தவர், வயசில் என்னைவிடச் சின்னவர். பாளை என்றதும் சித்தா காலேஜ் என்று நினைத்துவிடாதீர்கள். 1964-ல் தொடங்கிய அந்த அரசு சித்த மருத்துவக் கல்லூரி தமிழ் மருத்துவத்துக்கானது, இது ஆயுர்வேதம். நம்ம ஊரில் இரண்டையும் நாட்டு மருந்து என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம்.

போனதும் மருந்து எழுதுவார் என்று நினைத்தேன். கேள்விதான் கேட்டார். “அண்ணாச்சி, பசிச்சுச் சாப்பிடுதீங்களா, மணி பாத்துச் சாப்பிடுதீங்களா?” சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வயிறு ஊதுகிறது, ஏப்பத்தில் மதியக் குழம்பு வாசனை சாயங்காலமும் வருகிறதா, மலம் தண்ணீரில் மிதக்கிறதா அடியில் போகிறதா, எழுந்ததும் நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, தூக்கம் எப்படி, கடையில் கோபப்படுவேனா என்று வரிசையாகக் கேட்டார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். படுக்க வைத்து வயிற்றை நாலு பக்கமும் அழுத்தித் தட்டிப் பார்த்தார். பழைய பரிசோதனைச் சீட்டு எல்லாவற்றையும் வாசித்தார்.

அப்புறம் சொன்னார்: ஆயுர்வேதத்தில் சீரணத் தீயை அக்னி என்பார்கள், அதற்கு நாலு நிலை. ஒழுங்காக எரிவது சமாக்னி. மந்தமாக எரிவது மந்தாக்னி. அளவுக்கு மீறி எரிவது தீக்ஷ்ணாக்னி. ஒரு நாள் எரிந்து ஒரு நாள் அணைவது விஷமாக்னி. எனக்கு இருந்தது கடைசி வகை. கிரகணி என்கிற இடம்தான் சாப்பாட்டைச் சீரணமாகும் வரை பிடித்து வைத்து, பிறகு கீழே விடுகிறது. தீ தடுமாறினால் பாதி வெந்ததும் வேகாததுமாக இறக்கிவிடும். “அடுப்பு சரியாப் பிடிக்காதப்போ பெரிய கட்டையைத் தூக்கி வச்சா என்னாகும்? ராத்திரி பதினோரு மணிப் பரோட்டா அப்படித்தான்” என்றார்.

மருந்து என்று முதலில் தந்தது அஷ்ட சூர்ணம் மட்டும்தான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, நெய்யில் பொரித்த பெருங்காயம் என்று எட்டுச் சரக்கு. வடக்கே இதை ஹிங்வாஷ்டகம் என்பார்கள். இதை எப்போது சாப்பிடுவது என்பதுதான் முக்கியம். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. சுடுசோற்றில் முதல் பிடியைத் தனியாக எடுத்து, உருக்கிய நெய் விட்டு, பொடியைத் தூவிப் பிசைந்து அதைத்தான் முதலில் சாப்பிட வேண்டும். சோற்றுச் சூட்டில் பெருங்காயமும் ஓமமும் குப்பென்று வாசனை கிளம்பும், அதிலேயே வாயில் எச்சில் ஊறும். பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது இந்த மருந்துக்குச் சொன்ன முறையே இல்லை.

அடுத்தது மோர். தயிர் கூடாது, மோர் வேண்டும் என்றார். இந்தக் கிரகணிக் கோளாறுக்கு மோரைப் போல ஒன்று இல்லை என்று பழைய நூல்கள் புகழ்கின்றன. தயிரில் தண்ணீர் விட்டு நன்றாகக் கடைந்து, திரண்ட வெண்ணெயை எடுத்துவிட்டு, வறுத்துப் பொடித்த சீரகமும் இந்துப்பும் போட்டு மதியம் மட்டும் குடிக்க வேண்டும். பாக்கெட் மோர் ஆகாது. வீட்டுக்காரி காலையிலேயே கடைந்து பாட்டிலில் ஊற்றித் தந்துவிடுவாள்.

இதெல்லாம் எளிது. கஷ்டமானது நேரம்தான். கடை முதலாளியிடம் சொல்லி, கூட்ட நாளிலும் ஒரு மணிக்கு ஆள் மாற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் கடையிலேயே முடித்துக்கொண்டேன். இட்லி, இல்லாவிட்டால் சீரகக் கஞ்சி. வயிற்றில் பாதிதான் சாப்பாடு, கால் பங்கு தண்ணீர், மிச்சக் கால் பங்கு காற்று உலாவக் காலியாக இருக்க வேண்டும் என்பது அஷ்டாங்க ஹிருதயத்தில் உள்ள கணக்கு. இதை மதிய விருந்து வீட்டில் கடைப்பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று நம்ம பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

ஒரு விஷயம் இங்கே சொல்லியே ஆக வேண்டும். நம்ம சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். சொதி கனமான குழம்புதான், தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் சேர்ந்தது. ஆனால் மறுவீட்டு விருந்தில் சொதி பரிமாறினால் இலையில் இஞ்சிப் பச்சடி இல்லாமல் இருக்குமா? சமைத்தவர்களுக்குத் தீயின் அளவு தெரிந்திருக்கிறது. இஞ்சிப் பச்சடியை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சொதியை மட்டும் மூன்று தடவை வாங்கிக்கொள்வது நாம்தான். உளுந்தஞ்சோறும் அப்படியே, மதியம் உடம்பு வேலை செய்கிற ஆளுக்கானது.

முதலில் கொஞ்ச நாள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு காலைப் போக்கு ஒழுங்குக்கு வந்தது, அதற்கும் பிறகுதான் உப்புசம் குறைந்தது. அமிலத்துக்குத் தினமும் போட்டுவந்த மாத்திரையை வைத்தியர் நிறுத்தச் சொல்லவில்லை. திடீரென்று விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும், கொடுத்த டாக்டரிடமே கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார். அப்படித்தான் குறைத்தேன். முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தீபாவளி நேரத்தில் சாப்பாட்டு நேரம் தவறினால் வயிறு உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் வேட்டியைத் தளர்த்தாமல் கணக்கு முடிக்கிறேன்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு, உங்கள் வயிறு எந்த மாதிரி என்றும் எழுதுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து

அண்ணாச்சி எழுதியது எனக்கு நேர் எதிர். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், வெறும் வயிற்றில் காந்தல். பார்க்கிற பெரியவர்கள் எல்லாரும் அன்போடு சொன்னது சுக்குக் காப்பி, இஞ்சிச் சாறு, பிரண்டைத் துவையல். குடிக்கக் குடிக்க எரிச்சல் கூடியது. எனக்கு அம்லபித்தம், தீ ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறது, அதில் சுக்கும் மிளகும் போடக் கூடாது என்று ஆயுர்வேத வைத்தியர் சொன்ன பிறகுதான் காரணம் புரிந்தது. அவிபத்திகர சூர்ணம் கொடுத்தார். அதில் சிவதை வேர் இருப்பதால் மலம் இளகும், சொன்ன அளவுக்கு மேல் எடுக்காதே என்று எச்சரித்தார். புளிக்குழம்பு, ஊறுகாய், வெறும் வயிற்றுக் காப்பி மூன்றையும் விட்டேன். புளித்த மோரும் கூடாது என்றார். அண்ணாச்சிக்கு மருந்தான மோர் எனக்கு ஆகவில்லை. வெந்நீரை ஆற்றிக் குடிப்பதும், மணத்தக்காளிக் கீரையில் தேங்காய்ப் பால் விட்டுச் சாப்பிடுவதும் எனக்கு ஒத்துக்கொண்டது. பாபநாசத்தில் குளிக்கப் போனாலும் முன்போல வழியில் வடை வாங்குவதில்லை.

ஆலங்குளத்திலிருந்து

எங்கள் அம்மாவின் கதை. அம்மா பீடி சுற்றுகிறவர்கள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு காலை முதல் பொழுது சாயும் வரை குனிந்தே இருப்பார்கள். எழுந்தால் கை நின்றுவிடும், கட்டு குறையும் என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள். மலச்சிக்கல் எப்படி வராமல் இருக்கும்? கடையில் நிலாவரைப் பொடி வாங்கி ராத்திரி ராத்திரி சாப்பிட்டு வந்தார்கள். முதலில் ஒரு ஸ்பூன் போதும் என்று இருந்தது, பிறகு அது பற்றவில்லை. பொடி இல்லாமல் போகவே போகாது என்கிற நிலைமை.

வைத்தியர் முதல் வேலையாக நிலாவரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். குடலை அடித்து விரட்டுகிற மருந்து அது, அவசரத்துக்கு நல்லது, தினசரி பழக்கத்துக்கு ஆகாது என்றார். பதிலாக திரிபலா, அதாவது கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்தது, ராத்திரி வெந்நீரில். சாப்பாட்டில் நெய். பக்கத்தில் ஒரு செம்பு வெந்நீர். ஒவ்வொரு கட்டு முடிந்ததும் எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “மருந்து பாதி, நடை பாதி தாயி” என்றார். கடைசியில் சொன்னதைத்தான் அம்மா ரொம்ப நாள் கேட்கவில்லை. என் மகள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, “ஆச்சி, எந்திரி” என்று சொல்ல ஆரம்பித்த பிறகுதான் நடந்தார்கள். இப்போது பொடி இல்லை. திரிபலாவும் தினம் இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து

நான் நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஆயுர்வேதத்தின் மேல் மரியாதை உண்டு, அதற்குக் காரணமே எங்கள் அத்தான் விஷயம்தான். ஐம்பதைத் தாண்டியவர், முட்டி வலிக்கு மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி ரொம்ப நாள் போட்டவர். மேல்வயிறு வலிக்கிறது, சூர்ணம் ஏதாவது வேண்டும் என்று வைத்தியரிடம் போனார். அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. மலம் என்ன நிறம் என்று கேட்டார். கறுகறுவென்று பிசுபிசுப்பாகப் போகிறது, இரும்புச் சத்து மாத்திரையும் சாப்பிடவில்லை என்றதும் மருந்தே தரவில்லை. “அத்தனையும் அப்புறம், இன்னைக்கே எண்டோஸ்கோப்பி பாருங்க” என்று அனுப்பிவிட்டார். இரைப்பையில் புண், ரத்தக் கசிவு. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இருந்தது.

வயிற்றுப் புண்ணுக்குக் கிருமி காரணமாக இருக்க முடியும் என்பதைக் கண்டுபிடித்ததற்குத்தான் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி ஆன்டிபயாடிக் சேர்த்துக் கொடுத்தால்தான் போகும். அத்தானுக்குப் போயிற்று. முட்டிக்கு இப்போது அதே வைத்தியரிடம் எண்ணெய் போடுகிறார்.

கறுப்பு மலம், ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், தூக்கத்தில் எழுப்புகிற பேதி, நடுவயதுக்கு மேல் புதிதாக வந்த கோளாறு. இதில் ஒன்று இருந்தாலும் முதலில் பரிசோதனை, தயவுசெய்து. அப்புறம், லேபிள் இல்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள். 2004-ல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தபோது 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் வருவதும் வயிற்று வலியும் மலச்சிக்கலும்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பிரஷர் உள்ளவர்கள் அதிமதுரத்தை ரொம்ப நாள் எடுத்தால் பிரஷர் ஏறும். அரிஷ்டங்களில் தானாகப் புளித்து உண்டாகும் மது உண்டு, லேகியத்தில் வெல்லம் உண்டு. சர்க்கரைக்கோ வேறு எதற்கோ என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதை வைத்தியரிடம் சீட்டோடு காட்டுங்கள்.

மறுபடியும் டவுனிலிருந்து

நர்ஸ் அக்கா எழுதியதை ஒவ்வொருவரும் வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். தனியாகக் கேட்டவர்களுக்குப் பதில்: அஷ்ட சூர்ணம் கோட்டக்கல் மாதிரிப் பெரிய ஆயுர்வேத நிலையங்களின் கடைகளில் பாட்டிலில் கிடைக்கும், தயாரித்த தேதியும் உரிம எண்ணும் பார்த்து வாங்கலாம். ஆனால் அம்பாசமுத்திரத்துத் தம்பி மாதிரி நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அதைத் தொட வேண்டாம். கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். ராத்திரி ஷிப்டு பார்க்கிற தம்பி ஒருவர் நேரத்துக்குச் சாப்பிட என்ன வழி என்று கேட்டிருந்தார். எனக்குக் கடை வேலைதான் தெரியும். ஷிப்டில் வேலை பார்த்து வயிற்றைச் சரிசெய்தவர்கள் யாராவது இருந்தால் அவருக்கு எழுதுங்கள்.