டிரக் கேம்பருக்கு மின்சார ஜாக் தேவையா?

கேள்வி:
கொலராடோவில் இருக்கிறோம். பிக்கப் டிரக் மேல் ஏற்றும் பழைய கேம்பர் (உள்ளே தங்கும் சிறு கூண்டு வீடு), ஏறக்குறைய 1,000 கிலோ. அதை ஏற்றி இறக்க நான்கு மூலையிலும் கையால் சுற்றும் ஜாக். போன வாரம் மூன்றாவது மூலைக்கு வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது. மின்சார ஜாக்குக்கு மாறலாமா?

பதில் 1:
வருடத்துக்கு இரண்டு தடவைதான் இறக்குகிறீர்கள் என்றால் வேண்டாம். கைப்பிடிக்குப் பதில் பேட்டரி டிரில்லில் சாக்கெட் (நட்டு திருகும் குழல்) மாட்டிச் சுற்றுங்கள், போதும்.

பதில் 2:
எனக்கு 64 வயது. மாற்றியதில் வருத்தமே இல்லை, தம்பி. ரிமோட்டோடு பக்கத்தில் நின்று, சக்கர வளைவுக்கும் ஜாக் காலுக்கும் நடுவே இருக்கும் இரண்டு விரற்கடை இடைவெளியைப் பார்த்துக்கொண்டே ஏற்றலாம். ஆனால் கேம்பர் பேட்டரி தீர்ந்தால் ஜாக் அசையாது. அப்போது கையால்தான் சுற்ற வேண்டும், கைப்பிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்புறம், ஏற்றும்போது முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்தே இருக்கட்டும்.

கேட்டவர்:
மாதம் இரண்டு முறை இறக்குகிறோம், ஐயா. சரி, மாற்றிவிடுகிறேன்.