கோயில் கட்டணங்களை ஆயர் இல்லம் நிர்வகிப்பதா, பங்கு நிர்வகிப்பதா?

வவுனிக்குளத்தான் (கேள்வி):
எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரத்தில்) திருமணம், அடக்கச் சடங்கு, சேமக்காலை எனும் கல்லறைத் தோட்டத்தில் குழி, வருடச் சந்தா ஆகியவற்றுக்கான பணத்தை இதுவரை பங்கு மக்களின் அருட்பணிச் சபையே பற்றுச்சீட்டு எழுதிப் பெற்று, பங்கின் கணக்கில் வைத்து வருகிறது. இனி எல்லாப் பங்குகளுக்கும் ஒரே தொகையை நிர்ணயித்து, வரும் பணம் முழுவதையும் ஆயரின் பொறுப்பில் உள்ள மறைமாவட்டத்தின் பொதுக்கணக்கில் சேர்க்கலாம் என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்தார். திருச்சபைச் சட்டம் இதற்கு இடந்தருகிறதா? குளத்தில் நீர் இல்லாமல் சிறுபோக (கோடை) நெற்செய்கை கைவிட்டுப்போன ஆண்டுகளில், காலபோக (மாரி) அறுவடை வரை சந்தாவுக்குத் தவணை கொடுக்கும் எங்கள் வழக்கம் என்னவாகும்?

முள்ளியவளைக் கணக்காளர்:
தொகையைத் தீர்மானிப்பது வேறு, பணத்தை வைத்திருப்பது வேறு. முன்மொழிந்தவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1264ஆம் சட்டப்படி, திருமுழுக்கு, திருமணம் போன்ற அருட்சாதனங்களை நிறைவேற்றும்போது பெறும் காணிக்கையின் அளவை மறைமாநில (பல மறைமாவட்டங்கள் சேர்ந்த பகுதி) ஆயர்களே வரையறுக்க வேண்டும் என்பதால், ஒரே தொகை என்பதில் புதுமையில்லை. ஆனால் பங்குப் பணிகளின்போது மக்கள் கொடுப்பது பங்கின் நிதியில் சேர வேண்டும் என்கிறது 531ஆம் சட்டம். மறைமாவட்டத்துக்குத் தேவையிருப்பின், நிதிக்குழுவையும் குருக்கள் மன்றத்தையும் கலந்த பின், பங்கின் வருமானத்துக்கு ஏற்ற மிதமான வரியை ஆயர் விதிக்க 1263ஆம் சட்டம் வழிவிடுகிறது. முழுவதையும் வாரி எடுக்க அல்ல. சந்தா நிலுவையைக் காட்டித் திருமுழுக்கைத் தள்ளிவைப்பதோ, வறுமையால் எவரும் அருட்சாதனங்களை இழக்கக் கூடாது என்னும் 848ஆம் சட்டத்தின் முன் எங்குமே நில்லாது.

செட்டிகுளத்துச் சகோதரி:
பங்கில் இருந்தாலே நியாயம் நடக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. பற்றுச்சீட்டுப் புத்தகம் அயல்வீட்டுக்காரர் கையில் இருக்கையில், இறந்த வீட்டுக்காரர் குழிக்காசைக் குறைக்கும்படி அவரிடமே கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. கேட்கக் கூச்சப்பட்டுக் கடன் வாங்கிக் கட்டுவோரும் உண்டு. கூரை பெயர்ந்த சிறு சிற்றாலயத்தைச் சில குடும்பங்களின் சந்தாவால் திருத்தவும் முடியாது. அதற்குப் பொதுநிதி வேண்டும். அதுவும் வன்னி முழுவதற்கும் ஒன்றாகாது: 1981இல் மன்னார் மறைமாவட்டம் உருவான பின் வவுனியாப் பங்குகள் அதனுடனும், உங்கள் பகுதிப் பங்குகள் யாழ்ப்பாணத்துடனும் இருக்கின்றன.

முள்ளியவளைக் கணக்காளர்:
கூச்சம் பற்றிச் சகோதரி சொல்வது உண்மை. சலுகையைச் சபையில் வைத்துப் பேசாமல் பங்குத்தந்தையிடம் மட்டும் விடலாம். பற்றுச்சீட்டில் பெற்ற தொகையை மட்டும் எழுதினால் போதும், கழித்ததை எழுத வேண்டியதில்லை.

வவுனிக்குளத்தான்:
நன்றி. தொகை ஆயர்கள் வரையறுத்தபடி, கணக்கு பங்கில், மறைமாவட்டப் பங்களிப்பு ஆண்டறிக்கையில் தனி உருப்படியாக என்று மாற்றுமொழிவு வைக்கிறேன். சேமக்காலைக் கட்டணம் அருட்சாதனக் காணிக்கை அல்லவே. அதை மட்டும் சபையே தீர்மானிக்கலாமா?