ஒய்.பி. அறிக்கையில் எங்கள் லயம் மட்டும் ஏன் இல்லை?

லயத்துமலர் (கேள்வி)

வணக்கம். மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தில், எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் (ஒய்.பி. என்போம்) அரையாண்டு அறிக்கை போன வாரம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்தது. நான்கு பக்கம், மலாயிலும் தமிழிலும். பட்டணத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) கால்வாய் தூர் வாரியது, சந்தைக்குப் பின்னால் தார் போட்டது, தெருவிளக்கு மாற்றியது, பிங்காஸ் மாதாந்திர உதவி, தீபாவளிப் பற்றுச்சீட்டு, இல்லத்தரசிகளுக்கான சொக்சோ காப்பீடு, எல்லாம் இருக்கிறது. எங்கள் தோட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

தோட்டம் கைமாறி வெகு நாளாகிவிட்டது. புது முதலாளி செம்பனையைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் மூன்று லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்னும் இருக்கிறோம். பெரிய சாலையிலிருந்து லயம் வரை செம்மண் பாதை. குலை ஏற்றும் லோரிகள் ஓடி ஓடி நடுவில் மேடும் இரண்டு பக்கமும் பள்ளமுமாகக் கிடக்கிறது. மழை பெய்தால் பள்ளி வேன் உள்ளே வராது. காலை ஆறரைக்குப் பிள்ளைகள் இருட்டில் கைபேசி வெளிச்சத்தில் பெரிய சாலைக்கு நடக்கிறார்கள். பாதி வழியில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு, தோட்டம் நடந்த காலத்தில் நட்டது. அதில் பல்பு கூட இல்லை.

ஒய்.பி.யின் சேவை மையத்தில் மனு கொடுத்தேன். "தனியார் நிலம், எங்களால் முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓட்டுக் கேட்க இதே பாதையில்தான் வந்தார்கள். உண்மையிலேயே சட்டமன்ற உறுப்பினரால் ஒன்றும் முடியாதா? இனி யாரிடம் போவது? அம்மாவுக்கு 71 வயது, அவருக்கு ஏதாவது உதவி உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பந்திங்தம்பி

அக்கா, படம் எடுத்து முகநூலில் ஒய்.பி. பக்கத்திலேயே போடுங்கள். எங்கள் தாமானில் குப்பை அள்ளாமல் கிடந்தபோது அப்படித்தான் செய்தோம், உடனே ஆள் வந்தது.

பழையகிராணி

தங்கச்சி, நானும் இதே தொகுதிதான். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்று, பிறகு கொஞ்ச காலம் இந்திய சமூகத் தலைவராக இருந்தவன். தம்பி சொல்வது தாமானுக்குச் சரி. தாமான் சாலை ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு, அதனால் படம் போட்டால் ஆள் வரும். உங்கள் பாதை யார் பொறுப்பு என்பதுதான் இங்கே சிக்கல்.

மையத்தில் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிப் பதில்தான். சாலைப் பராமரிப்புக்குக் கூட்டரசு (மத்திய அரசு) மாநிலங்களுக்குக் கொடுக்கும் மானியம் மாரிஸ் என்ற பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்குத்தான். முதலாளி பட்டாவுக்குள் கிடக்கும் பாதை அதில் ஏறாது. மன்றம் அங்கே ஒரு லோரி கல் கொட்டினாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே "ரோடு போட்டுக் கொடுங்கள்" என்று எத்தனை மனு எழுதினாலும் இதே பதில்தான் திரும்பும். கேட்கிற கேள்வியை மாற்ற வேண்டும்.

நிலம் மாநிலத்தின் அதிகாரம், அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது. தோட்டப் பட்டாவில் விவசாயம் என்று போட்டிருக்கும். முதலாளி அங்கே வீடோ தொழிற்சாலையோ கட்ட நினைத்தால் அந்த நிபந்தனையை மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். தேசிய நிலச் சட்டத்தில் அது 124ஆம் பிரிவு. அனுமதி கொடுப்பது மாநில அரசு. கொடுக்கும்போது நிபந்தனை போட அதற்கு அதிகாரம் உண்டு. இந்தச் சாலையை அரசுக்கு ஒப்படைத்துவிடு, கோயிலுக்கும் பள்ளிக்கும் தனி லாட் (நிலத்துண்டு) பிரித்துக் கொடு, லயத்து ஜனங்களுக்கு முதலில் வீடு கட்டு என்றெல்லாம் சொல்லலாம். தோட்ட முதலாளி மாநில அரசின் வாசலில் வந்து நிற்பது அந்த ஒரு சமயத்தில்தான். அனுமதி கையெழுத்தான பிறகு நாம் போய் நின்றால், முதலாளி மனசு வைத்தால்தான் உண்டு. தோட்டம் தோட்டமாக இதை நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் உள்ளே போனதே ஜனங்களுக்குத் தெரியாது, மண் தள்ளும் இயந்திரம் வந்து நிற்கும்போதுதான் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே ஒய்.பி.யிடம் எழுத்தில் கேளுங்கள்: எங்கள் தோட்ட நிலத்துக்கு நிபந்தனை மாற்ற விண்ணப்பம் வந்திருக்கிறதா? வந்தால் முடிவெடுப்பதற்கு முன் எங்களைக் கூப்பிடுவீர்களா? சாலை ஒப்படைப்பையும் வீட்டையும் நிபந்தனையாகப் பரிந்துரைப்பீர்களா? இதையே அவர் சட்டமன்றத்தில் கேள்வியாகவும் வைக்கலாம். மாநில ஆட்சிக்குழு பதில் சொல்லியாக வேண்டும், பதிலும் அவைக்குறிப்பில் நிற்கும். ஊராட்சி மன்றத்திலும் அவர் வார்த்தைக்கு எடை உண்டு. 1965இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தியதிலிருந்து மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசுதான் நியமிக்கிறது.

இன்னொன்று. அந்த அறிக்கை எனக்கும் வந்தது. நான்காம் பக்கத்தின் அடியில், தொலைபேசி எண்களுக்கு மேலே இரண்டு வரி இருக்கிறது, பாருங்கள்: உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறதாம். எந்த நிலம் இனி எதற்கு என்று நிறம் போட்டுக் காட்டும் வரைபடம் அது. உங்கள் தோட்டம் அதில் விவசாயமா, வீடமைப்பா என்று நேரில் போய்ப் பாருங்கள். பட்டா இல்லாதவர்களும் கருத்து எழுதிக் கொடுக்கலாம், 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டம் அந்த உரிமையைக் கொடுக்கிறது. காட்சிக்கு வைக்கும் நாட்கள் குறைவு, தள்ளிப்போடாதீர்கள்.

லயத்தில் இன்னும் அந்தத் தோட்டத்திலேயே சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் யாராவது முதலாளி கொடுத்த வீட்டில் இருக்கிறார்களா? இருந்தால், தொழிலாளர் வீட்டு வசதிக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம், சட்டம் 446 என்பார்கள், அதன் கீழ் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். அது கூட்டரசு விவகாரம், நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடியுங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தச் சட்டம் கை கொடுக்காது.

நடக்குமா என்று சந்தேகம் வரும். புக்கிட் தாகார் பக்கம் 5 தோட்டங்களின் 245 குடும்பங்கள் வீட்டுக்காக இருபது வருஷத்துக்கு மேல் போராடினார்கள். 2024இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். அவ்வளவு காலம் விடாமல் கேட்டதால் கிடைத்தது.

அம்மா விஷயம் சுலபம். வருமானம் குறைந்த 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சமூகநல இலாகா கொடுக்கும் முதியோர் உதவி 2025 முதல் மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்). நேராக இலாகாவிலேயே விண்ணப்பிக்கலாம், மையத்தில் பாரம் நிரப்ப மட்டும் உதவுவார்கள். பிங்காஸ் மாநில அரசுடையது, மாதம் 300 வெள்ளி, அதற்கும் உங்கள் குடும்பத்தைப் பதிந்து பாருங்கள். இல்லத்தரசி சொக்சோ கூட்டரசுத் திட்டம். நீங்கள் 55க்குள் என்றால் வருஷத்துக்கு 120 வெள்ளி கட்டிச் சேரலாம்.

வாரியத்துஅக்கா

கிராணி அண்ணன் பள்ளி லாட்டைப் பற்றி ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் பள்ளி வாரியத்துக்கு அதுதான் தலைவலி. தோட்ட நிலத்தில் இருப்பதால் எங்களுடையது பகுதி உதவி பெறும் பள்ளி. கட்டடத்துக்கு முழு உதவி பெறும் பள்ளிக்குக் கிடைப்பதுபோல் பணம் வராது. கூரை ஒழுகினால் வாரியம் உண்டியல் குலுக்க வேண்டும். கல்வி கூட்டரசு, நிலம் மாநிலம், நடுவில் பிள்ளைகள். மலர், உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் தோட்ட நிலத்தில் இருந்தால், கடிதத்தில் அதையும் சேருங்கள். பள்ளி வாரியத் தலைவரும் கையெழுத்துப் போடட்டும். அப்புறம், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாநில அரசின் பேருந்துக் கட்டண உதவி உண்டு, தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பாதை சரியாகும் வரை வேன் காசுக்காவது ஆகும்.

லயத்துமலர்

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. நான்காம் பக்கத்தை இப்போதுதான் நிதானமாகப் படித்தேன், அந்த இரண்டு வரி இருக்கிறது. சனிக்கிழமை கோயில் கூட்டத்தில் பேசி எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கப் போகிறேன். லாட் எண் எங்கே கிடைக்கும்? எங்களிடம் எந்தப் பத்திரமும் இல்லை.

பழையகிராணி

கோயில் செயலாளரிடம் பழைய கடிதங்கள் இருக்கும். கோயில் திருப்பணிக்குத் தோட்ட நிர்வாகம் கொடுத்த அனுமதிக் கடிதத்தின் தலைப்பில் லாட் எண்ணும் முக்கிமும் (நிலம் இருக்கும் வட்டாரம்) போட்டிருப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு நில அலுவலகத்தில் தனியார் தேடல் என்று கேட்டுக் கட்டணம் கட்டினால், இப்போதைய உரிமையாளர் பெயரும் நிலத்தின் நிபந்தனையும் அச்சடித்த தாளில் வரும். அந்தத் தாளைக் கடிதத்தோடு இணையுங்கள்.

கையெழுத்துக்குப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணும் லயத்து வீட்டு எண்ணும் எழுதச் சொல்லுங்கள், வாக்காளர்கள் என்று தெரியட்டும். மூன்று பிரதி எடுங்கள். ஒன்று ஒய்.பி.க்கு, ஒன்று மாவட்ட அதிகாரிக்கு. மூன்றாவதில் மையத்தின் முத்திரையும் தேதியும் வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை குத்தாமல் மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். அந்த விளக்குக் கம்பத்தைக் கடிதத்தில் தனிப் பத்தியாக எழுதுங்கள். முதலாளி சம்மதக் கடிதம் கொடுத்தால் அதை மட்டும் முதலில் முடிக்கப் பார்க்கலாம், அந்தச் சம்மதத்தை வாங்கித் தரச் சொல்லி ஒய்.பி.யைக் கேளுங்கள். வரைவு எழுதியதும் இங்கேயே போடுங்கள், மலாயில் சரி பார்த்துத் தருகிறேன்.