"வெள்ளிக்கிழமை ரெக்கார்ட் டேட், அதுக்குள்ள போடுங்க": டிவிடெண்ட் தரும் லார்ஜ் கேப் ஃபண்டு அனுபவங்கள்

திருச்சிவாசி:
எஃப்டி முடிந்து பணத்தை எடுக்க வங்கிக்குப் போன இடத்தில் ஆர்எம் (வாடிக்கையாளர் தொடர்பு மேலாளர்) பிடித்துக்கொண்டார். "லார்ஜ் கேப் ஃபண்டு சார். வெள்ளிக்கிழமை ரெக்கார்ட் டேட், அன்னிக்கு யூனிட் வச்சிருக்கவங்களுக்குத்தான் டிவிடெண்ட். அதுக்குள்ள போட்டா யூனிட்டுக்கு ரெண்டரை ரூபாய் கையில." என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, அப்போது 28 ரூபாய். என் மனைவி கேட்டாள்: "திங்கட்கிழமை அந்த யூனிட் என்ன விலைங்க?" மனுஷனுக்குப் பேச்சே வரவில்லை. அப்புறம், "அது மார்க்கெட்டைப் பொறுத்தது மேடம்" என்றார். மார்க்கெட் அசையாமல் நின்றாலும் அது 25.50க்கு இறங்கித்தானே ஆக வேண்டும்? நாம் போட்ட பணத்திலேயே கொஞ்சத்தைத் திருப்பித் தருவார்கள், அதற்கு வரி மட்டும் நாம் கட்ட வேண்டும்.

நாங்கள் கிளம்பிவிட்டோம். பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர் அதே ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் இந்த வெள்ளிக்கிழமைக் கதைதான் போயிருக்கும். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கோவை மருமகன்:
எங்கள் மாமா கதை வேறு மாதிரி. "டிவிடெண்ட் ஈல்டு ஃபண்டு" என்று பெயரைப் பார்த்து வாங்கிவிட்டு, வருஷக்கணக்கில் பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் வரவில்லை. கஸ்டமர் கேருக்கு ஸ்பீக்கரில் போட்டுச் சண்டை. அந்தப் பெண் பொறுமையாக, "சார், நீங்க க்ரோத் ஆப்ஷன்ல இருக்கீங்க" என்றது. மாமா என்னைப் பார்த்து, "அப்போ அந்த டிவிடெண்ட் யாருக்குய்யா போகுது?" ஃபண்டுக்குள்ளேயே போய் என்ஏவியில் சேருகிறது என்று சொன்னேன். இன்றுவரை அவர் நம்பவில்லை. முதலுக்கு மேல் நல்ல லாபத்தில் இருக்கிறார், அது வேறு விஷயம்.

பழைய ஆடிட்டர்:
திருச்சிவாசி, பாதிதான் சொன்னீர்கள். நிஃப்டி 50 கம்பெனிகளின் டிவிடெண்ட் ஈல்டு, அதாவது பங்கு விலையில் டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்பது, சமீப ஆண்டுகளில் ஒன்றேகால், ஒன்றரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அப்படியிருக்க ஒரு லார்ஜ் கேப் ஃபண்டு வருஷம் எட்டு சதவீதம் கொடுக்கிறது என்றால் மீதி எங்கிருந்து வருகிறது? பங்கை விற்ற லாபத்திலிருந்து, சில சமயம் உங்கள் முதலிலிருந்தே. பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2021 ஏப்ரலில் இந்த டிவிடெண்ட் ஆப்ஷனின் பெயரை ஐடிசிடபிள்யூ (வருமானத்தோடு முதலையும் சேர்த்துத் தருவது என்று பொருள்) என்று மாற்றியதற்குக் காரணமே இதுதான்.

கோவை மருமகனின் மாமா குழம்பியதில் தப்பில்லை. லார்ஜ் கேப் ஃபண்டும் டிவிடெண்ட் ஈல்டு ஃபண்டும் வேறு வேறு சரக்கு. லார்ஜ் கேப் ஃபண்டு என்றால் சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளில் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். டிவிடெண்ட் ஈல்டு ஃபண்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சின்ன கம்பெனியும் உள்ளே வரலாம். ஆகவே பெயரை விட்டுவிட்டு மாதாந்திர ஃபேக்ட் ஷீட்டைப் பாருங்கள். கோல் இந்தியா, ஓஎன்ஜிசி, பவர் கிரிட் என்று அரசு கம்பெனிகளாகவே நிறைந்திருந்தால் நீங்கள் வாங்குவது அரசின் கொள்கையையும் சேர்த்துத்தான். ஒப்பிடும்போது டிஆர்ஐ குறியீட்டோடு (டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு), க்ரோத் ஆப்ஷன் என்ஏவியை வைத்து ஒப்பிடுங்கள். ஐடிசிடபிள்யூ என்ஏவி பணம் கொடுத்துக் கொடுத்துத் தேய்ந்தது, அதை வைத்து எதுவும் தெரியாது. அப்புறம் இடைத்தரகர் இல்லாமல் வாங்கும் டைரக்ட் பிளானின் செலவு விகிதத்தையும் பாருங்கள். வங்கியில் போட்டால் அது ரெகுலர் பிளான், கமிஷன் வருஷா வருஷம் போய்க்கொண்டே இருக்கும்.

மாதச் செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் க்ரோத்தில் போட்டு எஸ்டபிள்யூபி (மாதாமாதம் கொஞ்சம் யூனிட்டை விற்றுப் பணம் தரும் ஏற்பாடு) வையுங்கள். 30 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு 60,000 டிவிடெண்ட் வந்தால் 18,000 வரிக்கே போய்விடும், செஸ் தனி. எஸ்டபிள்யூபியில் லாபப் பகுதிக்கு மட்டும்தான் வரி. ஒரு வருஷம் தாண்டிய யூனிட் என்றால் வருஷத்துக்கு 1.25 லட்சம் லாபம் வரை அதுவும் இல்லை.

மகாலட்சுமி நகர்:
ஆடிட்டர் சார், யாரும் கேட்காமலே இவ்வளவா! எல்லாரும் 30 சதவீதமா என்ன? என் அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன், கொஞ்சம் வட்டி, அவ்வளவுதான். புதிய வருமான வரி முறையில் 2025-26லிருந்து 12 லட்சம் வரை ரிபேட் (வரித் தள்ளுபடி) இருக்கிறதே, டிவிடெண்டும் அதற்குள் அடங்கிவிடும். வரி வராது என்று உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் டிடிஎஸ் பிடித்தமும் இல்லை. எஸ்எம்எஸ் வந்ததும் தெருவில் எல்லாரிடமும் காட்டுவார். எஸ்டபிள்யூபி என்றால் "யூனிட் குறையுதேடி" என்று அழுவார். வரியே இல்லாத இடத்தில் எதற்கு அவரை மாற்றச் சொல்கிறீர்கள்?

பழைய ஆடிட்டர்:
சரிம்மா, வரி விஷயத்தில் உங்கள் கணக்கு சரி. ஆனால் டிவிடெண்டில் அம்மாவுக்கு யூனிட் குறையவில்லை, விலை குறைகிறது. டிவிடெண்ட் எப்போது, எவ்வளவு என்பது ஃபண்டு ஹவுஸ் இஷ்டம். ஒரு மோசமான வருஷத்தில் அந்த எஸ்எம்எஸ் வராமலே போகலாம்.

கோவை மருமகன்:
மாமா இப்போது ஐடிசிடபிள்யூவுக்கு மாற்றச் சொல்கிறார். ஒரே ஃபண்டுக்குள் மாறினாலும் அது விற்றதாகத்தான் கணக்கு, லாபத்துக்கு வரி வரலாம் என்று இன்று போய்ச் சொல்ல வேண்டும். யாராவது கூட வருகிறீர்களா?