பிப் இன்ஸ்டால் போட்டால் பாதிப் பேருக்கு கம்பைலர் பிழை வருகிறது, வீல் கட்டுவது எப்படி?

கேள்வி

வணக்கம். டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியாக்கங்களில் கிடக்கும் தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ஒரு பைத்தான் நூலகம் எழுதி, கட்டற்ற உரிமத்தில் பைபிஐ-யில் (பைத்தான் நூலகங்களின் பொதுக் கிடங்கு) போட்டிருக்கிறேன். வேகத்துக்காக உள்ளே 600 வரி சி மொழி நிரல், அதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்ற கம்பைலர் வேண்டும். என் உபுண்டுவில் நன்றாக ஓடுகிறது. போன வாரம் ஒரு தமிழாசிரியர் தன் விண்டோஸ் மடிக்கணினியில் பிப் இன்ஸ்டால் (பைத்தான் நூலகங்களை நிறுவும் கட்டளை) போட்டுவிட்டு, திரை முழுக்கச் சிவப்பு எழுத்தாக வந்ததைப் படம் பிடித்து அனுப்பினார். கடைசி வரியில் விஷுவல் சி++ 14.0 தேவை என்று இருக்கிறது. லினக்ஸில் இன்னொருவருக்கு பைத்தான்.ஹெச் (சி நிரலைக் கட்டத் தேவையான கோப்பு) இல்லை. தான் தட்டச்சு செய்த பழைய பாடக்குறிப்புகளைத் திறக்க வேண்டும் என்பதுதான் அந்த ஆசிரியரின் தேவை, அவரிடம் போய் கம்பைலர் போடுங்கள் என்று எப்படிச் சொல்வது? நானே ஒரு வீல் (முன்கூட்டியே கட்டி வைத்த, நிறுவத் தயாரான கோப்பு) கட்டி ஏற்றிப் பார்த்தேன், பைபிஐ ஏற்க மறுக்கிறது. கட்டும் விவரங்களுக்கு இன்னும் பழைய செட்டப்.பை கோப்புதான் வைத்திருக்கிறேன்.

பதில் 1

உங்கள் வீலின் பெயரில் வெறுமனே லினக்ஸ் என்று இருக்கும், அதனால்தான் மறுக்கிறது. புது உபுண்டுவில் கட்டியது பழைய ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) உள்ள கணினியில் ஓடும் என்று சொல்ல முடியாது; பழையதில் கட்டியது புதியதில் ஓடும். மெனிலினக்ஸ் என்ற வீல் வகை வந்ததே இதற்காகத்தான். மெனிலினக்ஸ்2014 என்றால் சென்ட்ஓஎஸ் 7 காலத்து ஜிலிப்சி 2.17 இருந்தாலே போதும் என்று அர்த்தம். இதைக் கையால் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். சிஐபில்ட்வீல் என்ற கருவியை, வேலைகளைத் தானாக ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் மாட்டிவிட்டால் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் அதுவே கட்டித் தரும், டெஸ்ட் கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு வீலையும் நிறுவி ஓட்டியும் பார்க்கும். பொதுக் களஞ்சியம் என்றால் காசும் இல்லை.

அப்புறம், செட்டப்.பை-யில் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய கட்டும் கருவி இருந்தால் எடுத்துவிடுங்கள், 2023-ல் வந்த பைத்தான் 3.12-லேயே அதை நீக்கிவிட்டார்கள். பைப்ராஜெக்ட்.டாமல் கோப்பு ஒன்று வைத்து, கட்டுவதற்கு செட்டப்டூல்ஸ் என்ற கருவி வேண்டும் என்று அதில் எழுதுங்கள். நம்பை என்ற பெரிய கணித நூலகம் 1.26-ல் மெசான் என்ற வேறு கட்டும் கருவிக்குப் போனது என்று நீங்களும் போக வேண்டியதில்லை, 600 வரிக்கு செட்டப்டூல்ஸே தாராளம்.

பதில் 2

மேலே சொன்னது சரி, ஆனால் உங்களிடம் எழுத்து மாற்றும் அட்டவணைக் கோப்புகள் இருக்குமே, அவை வீலுக்குள் போகின்றனவா என்று பார்த்தீர்களா? நான் இதில் இரண்டு நாள் தொலைத்தேன். என் டெஸ்ட் எல்லாம் தேறியது, நிறுவியவர்களுக்கு மட்டும் கோப்பு இல்லை என்று பிழை. களஞ்சியக் கோப்புறைக்குள் நின்றுகொண்டு ஓட்டியதால் பைத்தான் நிறுவியதை விட்டுவிட்டு எதிரே இருந்ததையே எடுத்திருக்கிறது. நிரலை எஸ்ஆர்சி என்ற கோப்புறைக்குள் தள்ளிவிடுங்கள், அப்போதுதான் இந்தத் தப்பு முதல் நாளே வெளியே வரும். வீல் என்பது வெறும் ஜிப்தான், அன்ஜிப் செய்து கண்ணால் ஒருமுறை பாருங்கள். முதலில் டெஸ்ட்பைபிஐ-யில் (பைபிஐ-யின் சோதனைத் தளம்) ஏற்றுங்கள், ஏனென்றால் பைபிஐ-யில் ஒரு கோப்புப் பெயர் போய்விட்டால் அழித்தாலும் அதே பெயரில் திரும்ப ஏற்ற விடாது.

பதில் 3

பைத்தான் 3.10 முதல் 3.14 வரை, ஐந்து தளங்கள் என்றால் 25 வீல். ஏபிஐ3 (ஒரே வீல் பல பைத்தான் பதிப்புகளில் ஓடும் முறை) பக்கம் போனால் தளத்துக்கு ஒன்றாக ஐந்தே போதும். சரத்தை யுடிஎஃப்-8 ஆக நீளத்தோடு எடுக்கும் செயல்கூறு 3.10-லிருந்துதான் இந்த முறைக்கு வேண்டிய நிலையான ஏபிஐ-யில் (பதிப்புக்குப் பதிப்பு மாறாத செயல்கூறுகளின் தொகுப்பு) இருக்கிறது, உங்கள் வேலைக்கு அது கட்டாயம் வேண்டும், அதனால் 3.10-ஐயே அடிமட்டமாக வையுங்கள். ஆல்பைன் என்ற லினக்ஸில் ஜிலிப்சி இல்லை, அதற்குப் பதில் மசல்தான், அதற்கு மசல்லினக்ஸ் வீல் தனி. யாராவது கேட்டால் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, உங்கள் வழிகாட்டியில் சூடோ பிப் (நிர்வாகி உரிமையோடு பிப் ஓட்டுவது) என்று எழுதியிருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள். டெபியன் 12 லினக்ஸில் பிப் அதற்கு வழிவிடாது. வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) உருவாக்கும் இரண்டு வரியைப் போடுங்கள்.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. எஸ்ஆர்சி-க்கு மாற்றியதும் உடனே தெரிந்தது, டாப் அட்டவணை வீலில் இல்லவே இல்லை! சேர்த்துவிட்டேன். ஏபிஐ3 வீல்கள் ஐந்தும் டெஸ்ட்பைபிஐ-யில் ஏறிவிட்டன. ஆசிரியர் நேற்று நிறுவிப் பார்த்தார், சில நொடிதான் ஆனதாம். ஆனால் அவருடைய கோப்பில் "கொ" எல்லாம் ஒற்றைக்கொம்பு தனியாகவும் "கா" தனியாகவும் பிரிந்து வருகிறது. அது என் சி நிரலில் உள்ள தவறு, இன்றிரவு அதைத்தான் பார்க்கப்போகிறேன்.