புதுப்பிப்பு: ஆரம்பாக்கம் – கிண்டி, பைக்கை பாதியில் விட்டாச்சு

போன மாதம் புலம்பியிருந்தேன்: ஆந்திர எல்லையோர ஆரம்பாக்கத்திலிருந்து சென்னை கிண்டிக்கு தினமும் பைக், மாதவரம் ரவுண்டானாவில் லாரிகளுக்கு நடுவே இடுப்பே கழன்றுவிடுகிறது என்று. ரயிலில் வந்து வடசென்னை விம்கோ நகரில் மெட்ரோ பிடிக்கச் சொன்னீர்கள். மூன்று வாரமாக அதுதான்.

2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது நல்லதாப் போச்சு. கிண்டி வரை மாறவே வேண்டாம், ஏசியில் ஒரு குட்டித் தூக்கம்.

சிக்கல் இந்தப் பக்கம்தான். ஆரம்பாக்கம் வழியா வரும் சூலூர்ப்பேட்டை ரயில்கள் குறைவு, ஒன்றை விட்டால் காத்துக் கிடக்கணும். அதனால் கும்மிடிப்பூண்டி வரை பைக், அங்கிருந்து ரயில். நேரம் பெரிதாக மிச்சமில்லை. இடுப்பு வலி மட்டும் போயே போச்சு.

அப்புறம், பொன்னேரியில் மீன்கூடைகள் ஏறும். நேற்று ஒரு அம்மா சொன்னார்: "காலைத் தள்ளி வை கண்ணு, நண்டு உயிரோட இருக்கு."