‘லாங் டிராவல் சஸ்பென்ஷன்’: நெடுவீச்சு வில்லமைப்பு என்று வைக்கலாமா?

வணக்கம் ஐயா,

ஊர்திச் சொற்பட்டியலில் அடுத்து நிற்பது ‘லாங் டிராவல் சஸ்பென்ஷன்’. கலிஃபோர்னியா, மெக்சிகோவின் பாஹா பக்கத்துப் பாலைவன ஓட்டத்துக்கான பிக்கப் வண்டிகளில், சக்கரத்தை மேடுபள்ளத்தில் ஏறி இறங்க விட்டு அதிர்வை வாங்கிக்கொள்ளும் அமைப்பு. எந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் ‘நீண்ட பயண இடைநீக்கம்’ என்று வருகிறது. அலுவலகத்தில் ஒருவரை நிறுத்தி வைக்கும் சொல் அது. ‘நெடும்பயணத் தொங்கல்’ என்றும், கூடவே வரும் ‘டியூரபிலிட்டி’க்கு ‘நீடிப்புத்திறன்’ என்றும் எழுதியிருக்கிறேன். சரிதானா?

---

தம்பிக்கு,

> நெடும்பயணத் தொங்கல்

இரண்டு பாதியையும் மாற்ற வேண்டும். இங்கே பயணம் போவது வண்டி அல்ல. சக்கரம் மேலே முட்டும் இடத்திலிருந்து கீழே தொங்கி நிற்கும் இடம் வரை உள்ள தூரத்தைத்தான் ‘டிராவல்’ என்கிறார்கள். 2017 ஃபோர்டு ராப்டர் பிக்கப்பில் அது முன்னால் 13 அங்குலம், பின்னால் 13.9. இதற்கு ‘வீச்சு’ பொருந்தும். சக்கரத்தைத் தாங்கும் ஆர்மை நாமும் ‘கை’ என்றே சொல்லலாம். கை வீசுவதுபோல அதுவும் அச்சைப் பற்றி வளைவாகத்தான் வீசுகிறது.

‘தொங்கல்’ என்ற சொல்லை முழு அமைப்புக்கும் கொடுத்துவிடாதீர்கள். சக்கரம் தரையை விட்டுக் கீழே தொங்கும் நிலைக்கு அது தேவை. முழு அமைப்புக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. வில் வைத்த மாட்டுவண்டியை வில்வண்டி என்றார்கள். ஆகவே ‘நெடுவீச்சு வில்லமைப்பு’.

அமுக்கம் (சக்கரம் மேலே அழுந்தும் முனை), தொங்கல் என்று இரு முனைகளையும் பிரித்துச் சொல்லும் சொல் இல்லாமல், இந்த அமைப்பு எங்கே கெடுகிறது என்று தமிழில் எழுதவே முடியாது. தொங்கல் முனையைப் பாருங்கள். குதித்து எழும்போது டயர், சக்கரக் குடம் (ஹப்), பிரேக் எல்லாம் சேர்ந்து கீழே இழுக்கும். அதைப் பிடித்து நிறுத்த நைலான் பட்டை வேண்டும். பட்டை இல்லாவிட்டால் அதிர்வை அடக்கும் எண்ணெய்க் குழாயான ஷாக்கின் தண்டே முழுச் சுமையையும் வாங்கி, நாளடைவில் முனை வளையமான ‘கண்’ மாட்டும் மரைப் பக்கம் விரிசல் விடும். இல்லையென்றால் உள்ளே பிஸ்டன் நட்டு தளரும். பட்டை பழகப் பழக நீளும், அதிர்ச்சியில் இன்னும் இழுபடும். அதனால் ஷாக் முழுதாக விரிவதற்கு அரை அங்குலமாவது முன்பே அது இறுகும்படி அளந்து கட்ட வேண்டும். அதே முனையில்தான் முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி மூட்டும் அதிகம் மடிகிறது. வண்டியைத் தேவைக்கு மேல் உயர்த்திவிட்டால் சும்மா சாலையில் போகும்போதே மூட்டு மடிந்து சுற்றும். ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் வெளியே தெறிக்கும், மணல் உள்ளே போகும். வீச்சில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தொங்கலுக்கும் மீதியை அமுக்கத்துக்கும் விட்டு உயரம் வைப்பது நல்லது.

அமுக்க முனையில் வேறு கதை. சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றையொன்று தொடுவதற்கும், ஷாக் அடியில் இடிப்பதற்கும் முன்பே முட்டுத்தாங்கி (பம்ப் ஸ்டாப்) இடியை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் இடி சேஸிக்குப் போய், ஷாக் மேல்தாங்கியின் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரியும். சேறு கழுவிய பிறகு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

கை சேஸியோடு சேரும் இடத்தில் உள்ள உறைக்குழலான புஷ்ஷும் சொல்லப்பட வேண்டியதே. ரப்பர் புஷ் போட்ட கையின் போல்ட்டை, சக்கரம் தொங்கும்போது முறுக்கக் கூடாது. வண்டி தரையில் தன் உயரத்தில் நிற்கும்போதே இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் பிய்யும். வீச்சு மிகவும் கூடினால் ரப்பரின் முறுக்கம் போதாது. அதனால் யூனிபால் மூட்டு வைக்கிறார்கள். எஃகு உருண்டைக்கும் அதைச் சூழ்ந்த கூட்டுக்கும் நடுவே டெஃப்லான் படலம். அதற்குப் பெரும்பாலும் ரப்பர் உறை கிடையாது. கிரீஸ் தடவினால் மணல் ஒட்டி அரைக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால், மூட்டு தேய்ந்திருந்தால் ‘டொக்’ என்று சத்தம் வரும். வந்தால், சக்கர பேரிங் ஆடவில்லை என்று உறுதி செய்துகொண்டு மூட்டை மாற்றுங்கள்.

> நீடிப்புத்திறன்

பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. “இந்த டயர் நல்லா உழைக்கும்” என்பார்கள். ‘நீடுழைப்பு’ என்று வையுங்கள். எத்தனை ஆண்டு வரும் என்று கேட்டால் அது ஆயுள். மணலிலும் இடியிலும் தாக்குப்பிடித்து வருமா என்று கேட்டால் அது உழைப்பு.

---

ஐயா, இந்த இழையைப் படித்துவரும் நான் ‘வீச்சு’ பற்றி ஒரு தடை சொல்கிறேன்.

பள்ளி இயற்பியலில் வீச்சு என்றால் நடுநிலையிலிருந்து ஒரு பக்கத்துக்கு உள்ள பெரும அளவு, இலங்கையில் வீச்சம். அந்தப் பொருளில் 13 அங்குல வீச்சு என்று படிப்பவர் மொத்தம் 26 அங்குலம் என்று கணக்குப் போடுவார். போதாததற்கு, வண்டி நிற்கும் உயரம் நடுவிலும் இருப்பதில்லை. நீங்களே மூன்றில் ஒரு பங்கு என்கிறீர்கள். ‘ஏறிறக்கம்’ என்றால் இந்தக் குழப்பம் வராது.

---

அம்மா,

தடை நியாயமானது. ஆனால் ஏற்ற இறக்கம் என்றதும் மலைப்பாதையும் விலைவாசியும்தான் மனத்தில் வரும். ‘நெடு’ சேர்த்தால் ‘நெடிய ஏறிறக்கம்’ என்று வாயில் உட்காரவும் இல்லை. அளவு சொல்லும் இடமெல்லாம் ‘முழுவீச்சு’ என்று எழுதி, அதை அமுக்குவீச்சு, தொங்குவீச்சு என்று பிரித்துவிடலாம்: முழுவீச்சு 12 அங்குலம், அமுக்குவீச்சு 8, தொங்குவீச்சு 4. இப்படி எழுதினால் இருமடங்காக்க இடமில்லை.

ஷாக்கின் வீச்சும் சக்கரத்தின் வீச்சும் ஒன்றல்ல என்பதையும் பதிவில் சேர்க்க வேண்டும். ஷாக் கையின் நடுப்பகுதியில் மாட்டப்படுவதால், சக்கரம் 10 அங்குலம் போனால் ஷாக் 6 அங்குலம் மட்டும் போகும் அமைப்புகள் உண்டு. அங்கே அதன் மேல் விழும் விசை அதற்கேற்பக் கூடும். விளம்பரத்தில் ‘டிராவல்’ என்று வரும் எண் எதைக் குறிக்கிறது என்று பார்த்து, ‘சக்கர வீச்சு’, ‘ஷாக் வீச்சு’ என்றே மொழிபெயர்க்க வேண்டும்.

---

சக்கர வீச்சு, ஷாக் வீச்சு என்று பிரித்தால் என் தடையை விலக்கிக்கொள்கிறேன். யூனிபாலுக்குப் பாடநூலில் உள்ள ‘பந்துக்கிண்ண மூட்டு’ போதுமா? சாதாரண பால் ஜாயின்ட்டுக்கும் அதே சொல் வந்து மோதுகிறதே.

---

மோதுகிறது. இப்போதைக்கு யூனிபால் என்றே இருக்கட்டும், அதைத் தனி இழையில் எடுப்போம். தம்பி, நெடுவீச்சு வில்லமைப்பு, முழுவீச்சு, அமுக்குவீச்சு, தொங்குவீச்சு, நீடுழைப்பு ஆகிய ஐந்தையும் பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.